பதினெட்டு மனுவும் ஒரே புளியமரமும்

தோளில் கிடந்த துண்டை உருவி இன்னொரு தோளில் போட்டுக்கொண்டு மாமா சொன்னார்: "எழுதிக்க. அநீதி அலைமோதும் அவனியிலே, அறம் அழுது அரற்றுகிறது! ஆச்சரியக்குறி போடு."

போட்டேன்.

"அந்த அறத்தின் கண்ணீரைத் துடைக்க, இதோ, அணிவகுத்து வருகிறேன்!"

"நான் தனியாத்தானே மாமா போகப்போறேன்? எப்படி அணிவகுக்கிறது?"

"குறுக்க பேசாத. எழுது."

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மா, கையை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "யாருடா அழறது?"

"அறம் அழுவுதுக்கா. நீ போயி கொழம்ப பாரு."

வெற்றிவேல் மாமா அம்மாவின் தம்பி. ஆட்சிக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்த கட்சியில் தெருமுனைப் பேச்சாளர். எங்கள் பக்கத்தில் எந்த ஊர்க் கடைத்தெருவில் மைக் கட்டினாலும் மாமாவுக்கு அதில் அரைமணி நேரம் உண்டு. சட்டக் கல்லூரிக்கு மனுப் போடுகிறேன் என்றதும், என்னைவிட அவருக்குத்தான் தலைகால் புரியவில்லை. நம் குடும்பத்தில் ஒரு வக்கீல், அதுவும் பெண் வக்கீல் என்று விண்ணப்பம் வாங்கி வந்த அன்றே இரண்டு கூட்டத்தில் பேசிவிட்டார்.

ஒரே ஒரு வெள்ளைப் பக்கம்

சென்ற வாரம் இந்தப் பகுதியில் கல்லூரி விடுதிக் கதையை எழுதியதும், 'நீங்கள் சட்டம் படிக்கப் போனது எப்படி?' என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதைச் சொல்வதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம்தான். சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் மெட்ராஸ் சட்டக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தில் புதிதாக ஒரு பக்கத்தைச் சேர்த்திருந்தார்கள். 'சட்டம் பயில விரும்புவது ஏன்? உம் சொந்த வாழ்க்கையிலிருந்து, சொந்தக் கையெழுத்தில், இப்பக்கத்துக்குள் எழுதுக' என்று மேலே இரண்டு வரி. பாக்கியெல்லாம் வெள்ளை. அடியில், 'மேற்கண்டதை முழுதும் படித்தேன்' என்று பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு கோடு.

இப்போது அப்படிக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கத் தனி வகுப்பே நடத்துகிறார்களாம். என் அண்ணன் பேத்தி போய்வருகிறாள். எங்கள் காலத்து வகுப்பு, துண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்த மாமாதான்.

அப்பா ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார். "ஒரு தடவ போட்டுப் பாரு. கெடச்சா படி. கெடைக்கலன்னா மறு வருஷம் பாப்போம்கிற பேச்சு வேணாம்." மறு வருஷம் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வலங்கைமானில் ஒரு மாப்பிள்ளை, சொந்தமாக அரிசி மில் வைத்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் மில் சத்தம் ஆகாது.

ஆக, எனக்கு ஒரே விண்ணப்பம், ஒரே பக்கம். அதில் மாமா அறத்தை அழவைத்துவிட்டு, அடுத்து சோழ ராஜாவை இறக்கினார். கன்றுக்குட்டிக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட ராஜா, மணியடித்த பசு எல்லாரும் வந்தார்கள். நல்ல வேளையாக, நான் எழுதியது ரஃப் பேப்பரில்.

நீ எங்கடி இருக்க?

மறுநாள் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிக் கும்பகோணம் போனேன். அதிராம்பட்டினத்து ஜெய்தூன், விடுதி அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். என்னோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் டின்னில் பொரித்த நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து, சைவ விடுதியின் மானத்தை வாங்கியவள். அன்றைக்கும் டின்னின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து அதைக் கொறித்துக்கொண்டே படித்தாள்.

படித்து முடித்துப் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"என்னடி தேடுற?"

"இதுல ராஜா இருக்காரு, தேர் இருக்கு, பசு கூட இருக்கு. நீ எங்கடி இருக்க?"

"அதான் கடைசியில அணிவகுத்து வர்றேனே."

அவள் சிரித்த சிரிப்பில் கருவாடு புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து முடித்ததும், "சொந்த வாழ்க்கைலேர்ந்து எழுதுன்னுதானே கேட்டிருக்கான்? அந்தப் பதினெட்டு மனு கதைய எழுதேன். அன்னைக்கி ராத்திரி நீ சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே" என்றாள்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தக் கதையில் சிரிக்கக்கூடிய பாதியை மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

புளியமரத்து வரப்பு

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எங்கள் ஊர் நிலம் பெரும்பாலும் கும்பகோணத்தில் குடியிருந்த ஒரு மிராசுதாருடையது. அப்பா உட்பட பதினெட்டுக் குடும்பம் அதில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தது. யார் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. குத்தகைதாரர் பெயரைச் சர்க்காரே பதிவு செய்யும் என்று சட்டம் வந்தபோது, மிராசுதார் முந்திக்கொண்டு, 'இவர்கள் யாரும் குத்தகைக்காரர் இல்லை, என் வயலில் வேலை செய்யும் கூலியாட்கள்' என்று எழுதிக்கொடுத்துவிட்டார். மனுப் போட்டுப் பதிந்தால்தான் வயல் நிலைக்கும்.

நான் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். ஊரிலேயே என் கையெழுத்துதான் அச்சடித்தாற்போல் இருக்கும் என்று பெயர். அதனால் பதினெட்டு மனுவையும் நான்தான் எழுதவேண்டும் என்று முடிவானது. சர்வே நம்பர்களைக் கர்ணம் எழுதிக்கொடுத்தார். கர்ணம் என்றால் ஊரின் நிலக் கணக்கெல்லாம் வைத்திருக்கும் கிராமக் கணக்கர். வைத்தியலிங்கம் என்று பெயர். மெலிந்த, கறாரான மனிதர்.

முதலில் அப்பாவின் மனுவை எழுதினேன். வயலுக்கு நான்கெல்லை எழுதவேண்டும். கிழக்கே நடுவாய்க்கால், மேற்கே புளியமரத்து வரப்பு, வடக்கே கோவில் தோப்பு, தெற்கே வண்டிப்பாதை. அழகாக வந்தது. மற்ற பதினேழையும் அதைப் பார்த்து எழுதினேன். பெயரை மாற்றினேன், சர்வே நம்பரை மாற்றினேன். நான்கெல்லையை மாற்றவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் 'கனம் பொருந்திய சமூகத்துக்கு' என்பதுபோல எல்லா மனுவிலும் வரும் ஒரு வாசகம் என்று நினைத்துவிட்டேன்.

தாலுகா கச்சேரியில் விசாரணை அன்று பதிவு அதிகாரி மனுக்களை வரிசையாகப் புரட்டினார். மூன்றாவதில் முகம் சுருங்கியது. ஏழாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, பதினெட்டு பேரும் ஒரே வயல்ல நிக்கிறீங்களே, நாத்து நட எடம் இருக்கா?"

மிராசுதாரின் வக்கீலுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? எல்லாமே ஜோடிப்பு என்று எழுந்து நின்றுவிட்டார். விசாரணை தள்ளிப்போனது. பதிவு இல்லாமல் ஒரு அறுவடை வந்தது. மிராசுதாரின் ஆட்கள் நெல்லை அள்ளிப்போக வண்டியோடு வந்து வரப்பில் நின்றார்கள், சாலையில் போலீஸ் வேன் நின்றது. எங்கள் ஊர்ப் பெண்கள் அரிவாளோடு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், மளமளவென்று அறுத்துக் கட்டிவிட்டார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி.

பிறகு நான்கு நாள், கையில் நோட்டோடு, ஒவ்வொருவரோடும் அவரவர் வயலைச் சுற்றி நடந்து, எல்லை கேட்டுக் கேட்டுத் திருத்தி எழுதினேன். ஒருவருக்குக் கிழக்கே களத்துமேடு, இன்னொருவருக்கு மூங்கில் கொல்லை. சேற்றில் செருப்பு இரண்டும் போயிற்று. திருத்திய மனுக்கள் ஏறின, பதினெட்டுப் பேர் பெயரும் பதிந்தது. இதுவரைக்கும்தான் ஜெய்தூனுக்குத் தெரியும்.

சொல்லாத பாதி

விசாரணை தள்ளிப்போன அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "எப்படிம்மா இப்புடி ஆச்சு?" என்று பதினேழு பேரும் என்னைக் கேட்டார்கள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "கர்ணம் குடுத்த கணக்கப் பாத்துத்தானே எழுதுனேன்."

பொய்யில்லை. சர்வே நம்பர் அவர் கொடுத்ததுதான். ஆனால் அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. கர்ணம் மிராசுதார் வீட்டில் காப்பி குடிப்பவர் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. பஸ் ஊர் வந்து சேர்வதற்குள், அவர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் கடைத்தெருவில் மைக் கட்டி, "கர்ணமா, கயவனா, கணக்கெழுதும் கள்வனா?" என்று மாமா முழங்கினார். கைதட்டல் பலமாக விழுந்தது. நான் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை.

கர்ணத்துக்கு உண்மை தெரியும். திருத்திய மனுக்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பின் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாயிற்று.

விடுதியிலிருந்து ஊர் திரும்பி, மாமாவின் பேப்பரைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் வேறு என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். ஏழைகளின் துயரம், பெண் கல்வி, எல்லாவற்றையும் எழுதினேன். எதை எழுதினாலும் ஜெய்தூன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, "நீ எங்கடி இருக்க?" என்று கேட்டாள். மூன்றாம் நாள், சரி போ என்று, விண்ணப்பப் பக்கத்திலேயே நேராக மையால் எழுதினேன்.

'பதினெட்டுப் பேருடைய மனுவை நான் தப்பாக எழுதினேன். தப்பு என்னுடையது என்று சொல்லாமல், பாதி உண்மையைச் சொல்லி, அந்தப் பழி ஒரு குற்றமற்றவர் மேல் விழும்படி விட்டேன்' என்று ஆரம்பித்து, நான்கெல்லை, பஸ், மைக், டீக்கடை எல்லாவற்றையும் எழுதி, 'முழு உண்மையைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்காகச் சட்டம் படிக்க விரும்புகிறேன்' என்று முடித்தேன். சட்டம் படித்தவர்கள் இந்தக் கடைசி வரிக்குச் சிரிக்கலாம். நானும் சிரிக்கிறேன். அன்று அதை முழு மனதாக நம்பித்தான் எழுதினேன்.

அப்பா படித்தார்

இனி அப்பா கையெழுத்துப் போடவேண்டும். 'முழுதும் படித்தேன்' என்று போட்டிருந்ததால், அப்பா முழுதும் படிப்பார். அவர் அப்படிப்பட்டவர். மூன்றாம் வகுப்புப் படிப்பு, வாய்விட்டுத்தான் படிக்க வரும். பேப்பர் படித்தால் எதிர்வீட்டுக்கும் செய்தி தெரிந்துவிடும்.

"ப-தி-னெட்டு... பதினெட்டுப் பேருடைய..." என்று ஆரம்பித்தார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். என் வாழ்வில் அதைவிட நீளமான பக்கத்தை நான் பார்த்ததில்லை. மைக் வந்த இடத்தில், கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமா, கையிலிருந்த பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

படித்து முடித்ததும் அப்பா தாளை நீளவாக்கில் மடிக்கப் போய், மடிக்கக் கூடாது என்று நினைவு வந்து, நிமிர்த்தி வைத்தார்.

"எல்லாம் நெசமா?"

"நெசம்ப்பா."

"நல்லா எழுதியிருக்க. ஆனா மெட்ராஸ்காரனுக்கு எதுக்கு மொதல்ல சொல்ற? கர்ணத்துக்கிட்ட போயி சொல்லிட்டு வா. அப்பறம் கையெழுத்துப் போடுறேன்."

விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. அப்பா பேனாவை மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

கர்ணம் கேட்ட பரிகாரம்

கர்ணம் வீட்டுக் கூடத்தில் வெற்றிலையும் பழைய காகிதமுமாக ஒரு வாசனை. வாசலில் நின்றே, "கர்ணம் ஐயா, ஒரு காகிதம் படிச்சுப் பாக்கணும்" என்றேன். வாங்கினார். கணக்கு பார்க்கும் அதே முகத்தோடு, விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க என்னென்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததில் ஒரு சொல்கூட நினைவில்லை.

"தப்பு இருக்கே" என்றார்.

"ஆமாங்கையா. அத்தனையும் என் தப்புதான்."

"அதில்லம்மா. உங்க அப்பா வயலுக்கு வடக்க கோவில் தோப்பு பாதிதான். மீதி பாதி சுடுகாட்டுப் பாதை. அன்னைக்கும் தப்பா எழுதுன, நான்தான் திருத்துனேன். இப்பவும் தப்பா எழுதியிருக்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "என்னை மன்னிச்சிடுங்கையா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ரெண்டு வருஷமா நான் வீட்டு டீதான் குடிக்கிறேன். என் சம்சாரம் போடுற டீய நீ குடிச்சதில்ல" என்றார். உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் டொங்கென்று விழுந்தது. "எனக்கு ரெண்டு காரியம் ஆகணும். ஒண்ணு, இதுக்கு ஒரு நகல். 'உண்மை நகல்'னு எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்தோட. ரெண்டாவது, மைக்குல திட்டுன ஒங்க மாமா, அதே மைக்குல இதப் படிக்கணும்."

நகல் சுலபம். மாமாதான் கஷ்டம். "கட்சி மேடையில இதையெல்லாம் எப்படிப் படிக்கிறது? என் பேர் என்னாவறது?" என்று குதித்தார். அப்பா சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுக் காட்டினார். அம்மா, "அவ வக்கீலுக்குப் படிக்கணுமா வேண்டாமாடா?" என்று கேட்டாள். மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அதே கடைத்தெரு, அதே மைக். "அன்பார்ந்த பெரியோர்களே, அருமைத் தாய்மார்களே" என்று ஆரம்பித்துவிட்டு, மாமா தாளைப் பார்த்தார். அதில் அடுக்குமொழி ஒன்றுகூடக் கிடையாது. அவர் மேடையில் வெறும் தமிழ் பேசி ஊர் கேட்டது அன்றுதான். நான் இந்தத் தடவை முன்னால் நின்றேன். படித்து முடித்ததும் கைதட்டல் இல்லை. கூட்டத்தில் ஒருவர், "அடப்பாவி மகளே!" என்றார். இன்னொருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் டீக்கடைப் பக்கம் திரும்பினார்கள்.

கர்ணம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுப்பா. சக்கர கம்மி" என்று கடைக்காரரிடம் சொன்னார். மாமா மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

அப்பா அங்கேயே, டீக்கடைப் பெஞ்சில் வைத்து, கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கு எத்தனையாவது பசு?

மெட்ராஸில் நேர்முகத் தேர்வுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தஞ்சாவூர் ஜில்லாவா? அப்பாடா, இதுல பசு இல்ல" என்றார். காலையிலிருந்து எங்கள் ஜில்லாக்காரர்கள் எல்லாரும் அந்தச் சோழ ராஜாவின் பசுவைத்தான் ஓட்டி வந்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஓரத்தில் இருந்த அம்மாள் கேட்டார்: "இதை நீ எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா?"

"கர்ணத்துக்குத் தெரியும்ங்க" என்றேன்.

வேறு கேள்வி எதுவும் கேட்டார்களா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. இடம் கிடைத்தது. வலங்கைமான் மில்காரருக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. ஜெய்தூனுக்குக் கடிதம் போட்டேன். 'இப்பதாண்டி நீ வந்து சேர்ந்திருக்க' என்று அவளிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது.

முதல் கட்சிக்காரர்

படித்து முடித்துக் கும்பகோணத்தில் கறுப்புக் கோட்டு மாட்டி நான் உட்கார்ந்தபோது, கர்ணம் உத்தியோகத்தையே சர்க்கார் எடுத்துவிட்டிருந்தது. பெண் வக்கீலிடம் யார் வருவார்கள்? நாற்காலியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரக் கடைசியில் மஞ்சள் பையோடு ஒருவர் வந்தார். இன்னும் மெலிந்திருந்தார்.

"தம்பிக்கும் எனக்கும் வயல் பாகத்துல தகராறு. கேசு போடணும்" என்றார்.

"ஐயா, எவ்வளவோ பெரிய வக்கீலெல்லாம் இருக்காங்களே" என்றேன்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து பின்பக்கம் காகிதம் ஒட்டியிருந்தது. 'உண்மை நகல்' என்று என் கையெழுத்தில், இரண்டு சாட்சியோடு.

"தன் தப்ப எழுதிக் கையெழுத்துப் போட்ட வக்கீலு எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்திதான். கேச நீயே நடத்து" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"நான்கெல்லைய மட்டும் நான் எழுதுறேன்."